பல்லாங்குழி முதல் கேரம் வரை: பக்கவாதத்திலிருந்து மீள்வோருக்கான விளையாட்டுகள்

பக்கவாதத்திற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களின் குடும்பத்தார், மறுபரிசோதனைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்பர். "மாத்திரைகளைத் தவறாமல் கொடுக்கிறோம். காலையும் மாலையும் பயிற்சி செய்ய வைக்கிறோம். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு என்ன செய்யலாம், டாக்டர்?"

இக்கேள்விக்கு என்னிடம் நெடுநாள் நல்ல விடை இருந்ததில்லை. நடக்கச் சொல்லுங்கள், பேச்சுக் கொடுங்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். விடையை எனக்குக் கற்பித்தவர் கீழப்பாவூரைச் சேர்ந்த ஒரு நோயாளியும் அவருடைய மதினியும். அவர்களின் ஒப்புதலோடு, அடையாளங்களைத் தவிர்த்து, அதனை இங்கே எழுதுகிறேன்.

அந்த அம்மையார் இளம்வயது முதல் பீடி சுற்றி வந்தவர். மூளையின் இடப்பக்கத்தில் ஏற்பட்ட இரத்தக்குழாய் அடைப்பினால் வலக்கை வலுவிழந்தது, பேச்சும் நின்றுவிட்டது. பிறர் சொல்வது அவருக்கு ஓரளவு புரிந்தது. ஆனால், பதில் சொல்ல வாய் எடுத்தால் ஓரிரு ஒலிகளுக்கு மேல் வரவில்லை. இயன்முறை மருத்துவர் கொடுத்த ரப்பர் பந்தை ஒரு வாரம் அழுத்தினார். பிறகு தூக்கி மூலையில் வைத்துவிட்டார். அவரை அழைத்து வந்த மதினி என்னிடம் சொன்னார்: "பச்சைப்பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி பந்தைக் குடுத்தா கோவம் வராதா, ஐயா?"

அடுத்த முறை வந்தபோது அந்த மதினி ஒரு துணிப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே நிறையப் புளியங்கொட்டைகள். இருவரும் சிறுவயதில் ஆடிய பல்லாங்குழியை மீண்டும் ஆடத் தொடங்கியிருந்தார்கள். பந்தைத் தொடாத கை, மூன்று வாரங்களாக நாள்தோறும் புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக் குழியில் இட்டுக்கொண்டிருந்தது.

இக்கட்டுரை அந்தத் துணிப்பையிலிருந்து தொடங்குகிறது. நம் வீடுகளில் உள்ள பலகை விளையாட்டுகள் எத்தனை வகை, ஒவ்வொரு வகையும் உடலுக்கும் மூளைக்கும் எந்த வேலையைக் கொடுக்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

விளையாட்டு எவ்வாறு பயிற்சியாகிறது?

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி இரத்தமின்றிச் சேதமடைகிறது. சேதமடைந்த பகுதி செய்துவந்த வேலையை அருகிலுள்ள பகுதிகள் ஓரளவு கற்றுக்கொள்ள முடியும். அதற்கு இரண்டு தேவை. ஒன்று, அதே செயலைப் பலமுறை திரும்பச் செய்தல். மற்றொன்று, அச்செயலில் மனம் ஈடுபடுதல். முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான் மிக விரைவாக இருக்கும். அதன் பிறகும் மெல்லத் தொடரும். ஆகவே வீடு திரும்பிய முதல் வாரங்களைச் சுவரைப் பார்த்துக் கழிப்பது பெரும் இழப்பு.

பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்துகள் வீதம் 14 குழிகளை நிரப்ப 70 முத்துகள் வேண்டும். அதாவது, ஆட்டம் தொடங்குமுன் முத்துகளை இட்டு வைப்பதற்கே விரல்கள் 70 முறை எடுக்கவும் விடவும் வேண்டியுள்ளது. "70 முறை விரலை மடக்கி நீட்டுங்கள்" என்று நான் சொன்னால் பத்தாவது முறையிலேயே சலிப்பு வந்துவிடும். ஆட்டத்தில் யாரும் எண்ணிக்கையை நினைப்பதில்லை.

இதற்கு ஆய்வுச் சான்று உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்து மூன்று மாதங்களுக்குள் இருந்த 141 நோயாளிகளைக் கொண்டு கனடா நாட்டு மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு, 2016 ஆம் ஆண்டில் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவினர் கணினித் திரையின் முன் நின்று ஆடும் நவீன விளையாட்டுக் கருவியில் பயிற்சி பெற்றனர். மற்றொரு பிரிவினர் சீட்டு, டோமினோ போன்ற எளிய விளையாட்டுகளை ஆடினர். இரண்டு வாரங்களில் பத்து அமர்வுகள். முடிவில் இரு பிரிவினரின் கைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறியிருந்தன. விலையுயர்ந்த கருவி, சீட்டுக்கட்டைவிட மேலானதாக அமையவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்தும் குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தி.

அதே வேளையில், விளையாட்டு மருந்துக்கோ இயன்முறைப் பயிற்சிக்கோ மாற்றாகாது. அந்த ஆய்விலும் இரு பிரிவினரும் வழக்கமான சிகிச்சையைப் பெற்றுக்கொண்டேதான் ஆடினர்.

முதல் வகை: இட்டு எடுக்கும் ஆட்டம் — பல்லாங்குழி

பக்கத்துக்கு ஏழு குழிகளாக இரண்டு வரிசைகள். ஒருவர் தம் பக்கக் குழி ஒன்றிலுள்ள முத்துகளையெல்லாம் எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்வார். கையிலுள்ளவை தீர்ந்ததும் அடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்துத் தொடர்வார். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியிலுள்ள முத்துகளைத் தமதாக்கிக்கொள்வார். ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதிகள் சிறிது மாறும். மலேசியாவிலும் இலங்கையிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதன் உறவு ஆட்டங்கள் இன்றும் ஆடப்படுகின்றன.

மருத்துவர் பார்வையில் இது விரல்களுக்கான முதல்தரப் பயிற்சி. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிறு பொருளைப் பற்றுவதுதான் சட்டைப் பொத்தான் போடுவதற்கும், மாத்திரையை எடுப்பதற்கும், சோறு பிசைந்து உண்பதற்கும் அடிப்படை. பற்றுவதைவிட, உள்ளங்கையில் பல முத்துகளை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விடுவது கடினம். அதையும் இந்த ஆட்டம் பழக்குகிறது.

கை மிக வலுவிழந்திருந்தால் பெரிய கழற்சிக்காயில் தொடங்குங்கள். பிறகு சோழி, அதன்பின் புளியங்கொட்டை என்று அளவைக் குறைத்துக்கொண்டே வரலாம். பலகை இல்லாத வீட்டில் 14 சிரட்டைகளை இரு வரிசையாக அடுக்கினால் போதும். வாய் அகன்றிருப்பதால் தொடக்கத்தில் அவையே வசதி.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு வேறொரு சிக்கல் உண்டு. கண் நன்றாகத் தெரிந்தாலும் தம் இடப்பக்கத்தில் இருப்பவற்றை அவர்கள் கவனிப்பதில்லை. தட்டின் வலப்பாதியில் உள்ள சோற்றை மட்டும் உண்டு எழுந்துவிடுவர். குடும்பத்தார் இதனைப் பிடிவாதம் என்று தவறாக எண்ணுவதுண்டு. இவர்களுக்குப் பல்லாங்குழி மிகப் பொருத்தமானது. முத்துகளைச் சுற்றிவர இட வேண்டியிருப்பதால் இடப்பக்கக் குழிகளையும் தேடிச் சென்றே தீர வேண்டும். பலகையின் இட ஓரத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவைத்து, "நூல் தெரிகிற வரை பாருங்கள்" என்று நினைவூட்டுங்கள்.

இரண்டாம் வகை: காய் நகர்த்தி வீடு சேரும் ஆட்டம் — தாயமும் பரமபதமும்

தாயத்தை 5×5 கட்டத்திலோ 7×7 கட்டத்திலோ ஆடுவர். பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு முகங்களிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் இருக்கும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவருக்கு மறுபடி உருட்டும் உரிமை உண்டு. வெளிச்சுற்றைக் கடந்து, எதிராளியின் காயை வெட்டி, உள்சுற்று வழியே நடுக்கட்டத்தை அடைய வேண்டும். வட இந்தியாவின் பச்சீசி இதன் உறவினம். ஃபதேபூர் சிக்ரியில் அக்பர் அரண்மனை முற்றத்தில் அதன் கட்டங்களை இன்றும் காணலாம். பச்சீசியைச் சுருக்கி எளிமையாக்கியதே 1896 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோ.

இரு உள்ளங்கைகளுக்கு இடையே கட்டைகளை உருட்டி எறியும்போது வலுவிழந்த கையும் நல்ல கையோடு சேர்ந்து வேலை செய்கிறது. விழுந்த எண்ணைக் கூட்டுதல், கட்டங்களை எண்ணுதல், எந்தக் காயை நகர்த்துவது என்று தீர்மானித்தல் ஆகியவை கவனத்திற்கும் நினைவிற்கும் பயிற்சி.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. வெற்றியில் பாதி கட்டையின் கையில் இருப்பதால், தோற்றவர் தம் நோயை நொந்துகொள்ள வேண்டியதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. "இதுகூட என்னால் முடியவில்லையே" என்ற எண்ணத்தை மேலும் வளர்க்காத ஆட்டமே தொடக்கத்திற்கு ஏற்றது.

ஆனால் ஒரு திருத்தம் வேண்டும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கலாம் என்பது வழக்கமான விதி. இரண்டு கட்டைகள் விழக்கூடிய 16 வகைகளில் தாயம் கிடைப்பவை இரண்டு மட்டுமே. சராசரியாக எட்டு முறை உருட்டினால் ஒருமுறை விழும். உடல் சோர்ந்திருக்கும் நோயாளி காய் இறக்குவதற்குள்ளேயே களைத்துவிடுவார். முதல் சில வாரங்களுக்கு ஒரு காயை இறக்கி வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

பேச்சிழந்தவர்களுக்குத் தாயம் வேறொரு வகையிலும் உதவுகிறது. நாமாக எண்ணிப் பேசும் சொற்கள் தடைப்பட்டாலும், பழக்கத்தால் தானே வரும் சொற்கள் பலருக்குத் தங்கியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுதல், கிழமைப் பெயர்கள், வழிபாட்டுப் பாடல்கள், திடீரென வரும் கூவல்கள் ஆகியன இவ்வகை. முன்னே சொன்ன அம்மையார் பல வாரங்கள் ஒரு முழுச்சொல்லும் பேசாதிருந்தவர். ஒரு மாலை பேரனோடு ஆடுகையில் கட்டை விழுந்ததும் "தாயம்!" என்று கத்தினார். வீடே திரும்பிப் பார்த்தது. அவருக்குப் பேச்சு வந்துவிட்டது என்று எண்ணி மறுநாளே என்னிடம் ஓடி வந்தார்கள். ஒரு சொல் வந்தால் எல்லாச் சொற்களும் வந்துவிடா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. எனினும், தானே வரும் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் பேச்சுப் பயிற்சி பலருக்கு முன்னேறுகிறது. காயை நகர்த்தும்போது உடனிருப்பவர் உரக்க எண்ணினால் நோயாளியும் சேர்ந்து எண்ணுவார். அதுவே தொடக்கம்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குக் குரல் தாழ்ந்து, கையசைவு சிறுத்துவிடும். அவர்கள் கட்டையைக் கையை நன்கு வீசி எறிந்து, விழுந்த எண்ணை உரக்கச் சொல்லட்டும்.

பரமபதம் இதே வகையில் இன்னும் எளியது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்பட்ட இந்தப் படம், கடல் கடந்து சென்று பாம்பும் ஏணியுமாக உலகெங்கும் பரவியது. இதில் தீர்மானிக்க ஒன்றுமில்லை. எண்ணி நகர்த்தினால் போதும். ஆகவே நினைவாற்றல் மிகக் குறைந்தவர்களும், ஐந்து வயதுப் பேரக்குழந்தைகளும் சமமாக அமர்ந்து ஆடலாம்.

மூன்றாம் வகை: சூழ்ச்சி ஆட்டம் — ஆடுபுலியும் சதுரங்கமும்

தமிழகத்தின் பழைய கோயில் மண்டபங்கள் பலவற்றில் கல்தரையைக் கூர்ந்து பார்த்தால், முக்கோண வடிவில் கோடுகள் கீறியிருப்பதைக் காணலாம். அது ஆடுபுலி ஆட்டக் களம். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. ஆட்டைத் தாண்டிச் சென்று புலி அதை வெட்டும். வெட்ட இயலாத ஆடுகள் ஒன்றுகூடிப் புலி நகர முடியாதபடி அடைத்துவிட்டால் வெற்றி ஆடுகளுக்கு.

இங்கே கட்டை இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. அடுத்து என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்து, உடனே கை நீட்டாமல் பொறுத்திருக்க வேண்டும். மூளையின் முன்பகுதி செய்யும் வேலை இது. அப்பகுதி பாதிக்கப்பட்டவர்கள் யோசிக்காமல் எழுந்து நடந்து விழுவதும், சட்டென்று சினப்படுவதும் உண்டு. அவர்களுக்கு ஆடுகளின் பக்கத்தைக் கொடுங்கள். "ஆட்டை வைக்குமுன் எந்தப் புலி எங்கே தாண்டும் என்று விரலால் காட்டுங்கள்" என்பது விதியாக இருக்கட்டும். பொறுமையை அறிவுரையால் பழக்குவதைவிட இவ்வாறு பழக்குவது எளிது. இருவர் சேர்ந்து ஆடுகளை ஆடலாம் என்பதால், நோயாளியும் துணையிருப்பவரும் ஒரே அணியாகவும் அமரலாம்.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து உலகை வென்ற ஆட்டம். 2022 இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததும், 2024 இல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆனதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். முன்பே ஆடத் தெரிந்த நோயாளிக்கு இது மிக நல்லது. தெரியாதவருக்கு நோயின் நடுவே இதைக் கற்பிக்க முயல வேண்டாம். தெரிந்தவரும் முதலில் படைவீரர்களையும் அரசனையும் மட்டும் வைத்து ஆடிப் பார்க்கலாம்.

நான்காம் வகை: கைத்திறன் ஆட்டம் — கேரம்

கேரம் ஆட்டத்தின் அனைத்துலகக் கூட்டமைப்பு 1988 இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991 ஆம் ஆண்டிலும் 1995 ஆம் ஆண்டிலும் உலக வாகையர் பட்டம் வென்ற மரிய இருதயம் தமிழகத்தைச் சேர்ந்தவர்.

முறையான பலகையின் ஆடுபரப்பு 74 செ.மீ. சதுரம். கருப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று எனக் காய்கள் 19. சுண்டும் காயைத் தட்டும்போது மடங்கிய விரல் விரைந்து நீள்கிறது. பக்கவாதத்தில் விரல்கள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுவது வழக்கம், நீட்டுவதே கடினம். ஆகையால் கேரம், மீண்டுவரும் கைக்குத் தேவையான அசைவையே கேட்கிறது. தோளும் முழங்கையும் நிலைத்து நிற்க வேண்டும். முன்னால் சாய்ந்து குறிபார்க்கையில் உட்காரும் சமநிலையும் பழகுகிறது.

எனவே கேரத்தை முதல் மாதத்தில் தொடங்காமல், கையில் ஓரளவு அசைவு வந்த பிறகு தொடங்குங்கள். தோளில் வலி இருந்தால் இயன்முறை மருத்துவரைக் கேட்காமல் ஆட வேண்டாம். சுண்ட இயலாதவர் காயை விரலால் தள்ளிவிட்டாலும் குற்றமில்லை.

ஐந்தாம் வகை: சீட்டு

சீட்டாட்டம் என்றதும் பல வீடுகளில் முகம் சுளிப்பர். காசு வைத்து ஆடுவதால் வந்த கெட்ட பெயர் அது. காசின்றி ஆடினால், நிறம் பிரித்தல், வரிசைப்படுத்துதல், எதிராளி எறிந்ததை நினைவில் வைத்தல் என்று மூளைக்கு நல்ல வேலை. ஒரு கையால் 13 சீட்டுகளை விரித்துப் பிடிக்க இயலாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு: துணி துவைக்கும் பிரஷ்ஷைக் கவிழ்த்து, முட்கள் மேலே இருக்குமாறு மேசையில் வைத்து, முட்களின் இடையே சீட்டுகளைச் செருகி நிறுத்தலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளால் சிலருக்குச் சூதாடும் உந்துதல் கட்டுக்கடங்காமல் எழலாம். இது குணக்கேடு அன்று, மருந்தின் பக்கவிளைவு. கைப்பேசியில் காசு வைத்து ஆடுவதையோ, காரணமின்றிப் பணம் கரைவதையோ கண்டால் வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவை நாங்கள் மாற்றித் தருவோம்.

மறதிநோய்க்கு இவை உதவுமா?

வீட்டில் முதியோர் உள்ள பலரும் இதைக் கேட்கின்றனர். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பலகை விளையாட்டு ஆடியவர்களிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. பிரான்சில் 3,675 பேரை இருபது ஆண்டுகள் கவனித்து 2013 இல் வெளியிட்ட ஆய்விலும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆனால், ஆய்வின் தொடக்கத்திலேயே இருந்த அறிவுத்திறன் வேறுபாட்டையும் மனச்சோர்வையும் கணக்கில் கொண்டபோது அந்த நன்மை தெளிவாக நிற்கவில்லை. நல்ல நினைவாற்றல் உள்ளவர்கள்தாம் அதிகம் ஆடுகிறார்கள் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு.

எனவே, விளையாட்டு மறதிநோயைத் தடுக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஏற்கெனவே மறதிநோய் உள்ளவர்களுக்கு அமைதியான ஒரு மாலைப்பொழுதை அது தரும் என்று மட்டும் கூறுவேன். காலையில் என்ன உண்டோம் என்பதை மறந்தவர்கூட, சிறுவயதில் கை பழகிய பல்லாங்குழியை மறக்காதிருப்பார். அவர் விதியை மாற்றி ஆடினால் திருத்த வேண்டாம். அங்கே ஆட்டம் சரியாக நடப்பதைவிட, அவர் நம்மோடு அமர்ந்திருப்பதே முதன்மையானது.

துணையிருப்போர் கவனத்திற்கு

ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நோயாளி முன்பே அறிந்த ஒன்றையே எடுங்கள். தற்போதைய திறனுக்குச் சற்றே மேலாக இருக்கட்டும். பத்தில் ஏழெட்டு முறை முடிந்து, இரண்டு மூன்று முறை தவறினால் அளவு சரி. எல்லாம் எளிதாக முடிந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள். எல்லாம் தவறினால் ஒரு படி இறங்குங்கள்.

தரையில் அமர்த்த வேண்டாம். முதுகுக்குச் சாய்வுள்ள நாற்காலி, பாதம் முழுவதும் தரையில் படும் உயரம், முழங்கை மட்டத்தில் மேசை ஆகியவை வேண்டும். வலுவிழந்த கை தொங்காமல் மேசைமீது தலையணையில் இருக்கட்டும். அக்கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். மூக்குக்கண்ணாடியும் காதொலிக் கருவியும் அணிந்திருக்கட்டும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள்.

ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம் போதும். நாளுக்கு இருவேளை ஆடலாம். காலைப் பலகாரத்துக்குப் பின் உள்ள நேரம் நல்லது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் ஆட்ட ஆர்வத்தில் உணவு நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அவருக்காக நீங்கள் காயை நகர்த்தாதீர்கள். துணையிருப்போர் அன்பினால் செய்யும் பெருந்தவறு இது. மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அதன்பின் சொல்லால் உதவுங்கள். கடைசியாகவே கையால் உதவுங்கள். வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதும் வேண்டாம். பெரியவர்கள் அதை உடனே கண்டுகொள்வர். அவருக்கு இரண்டு காய் கூடுதலாகத் தந்து, பிறகு முழுமனதோடு எதிர்த்து ஆடுங்கள். நாள் முழுவதும் நோயாளியாக நடத்தப்படும் ஒருவர், அரைமணி நேரம் எதிராளியாக மதிக்கப்படுவது சிறிய செயல் அன்று.

ஒரே ஒருவர்மீது இப்பொறுப்பும் ஏறிவிடக் கூடாது. பேரப்பிள்ளைகள், அடுத்த வீட்டார், உடன் பீடி சுற்றியவர்கள், வயலில் உடன் வேலை செய்தவர்கள் என்று முறைவைத்து அழையுங்கள். அந்த அரைமணியில் நீங்கள் சற்றே படுத்து எழலாம். துணையிருப்பவரின் உடல்நலமும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஒரு குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை எழுதுங்கள்: 20 புளியங்கொட்டைகளை வலுவிழந்த கையால் ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்திற்கு மாற்ற எத்தனை நிமிடம் ஆயிற்று? மறுபரிசோதனைக்கு வரும்போது அதைக் கொண்டுவாருங்கள். "கொஞ்சம் பரவாயில்லை" என்ற சொல்லைவிட அந்த எண் எங்களுக்கு அதிகம் சொல்லும்.

பாதுகாப்பு

குன்றிமணியை எக்காரணத்தாலும் முத்தாகப் பயன்படுத்தாதீர்கள். சிவப்பில் கரும்புள்ளியுடன் இருக்கும் அவ்விதையில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது; கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தையோ முதியவரோ விழுங்கிவிட்டால் அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

பொருள்களை வாயில் போடும் பழக்கமுள்ள மறதிநோயாளிகள், விழுங்குவதில் சிரமமுள்ளவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோரிடம் விதைகளைத் தனியே விட்டுச் செல்லக் கூடாது. அவர்களுக்குப் பெரிய காய்களே ஏற்றவை. ஆட்டம் முடிந்ததும் முத்துகளை எண்ணிப் பையில் இடுங்கள். தரையில் சிதறிய ஒரு புளியங்கொட்டையே ஒருவரை வழுக்கி வீழ்த்தப் போதும்.

ஆட்டத்தின் நடுவே திடீரென வாய் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்து காய் நழுவினாலோ, பேச்சு குழறினாலோ, "களைப்பாக இருக்கும், படுக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அது மீண்டும் ஒரு பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நான்கரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். அதிலும் முந்துகின்ற ஒவ்வொரு நிமிடமும் பயன் தரும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 108 ஐ அழையுங்கள்.

நிறைவாக

அந்த அம்மையார் இப்போது சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுகிறார். பீடி சுற்றும் வேலைக்கு அவர் திரும்பவில்லை; இனியும் இயலாது என்பதை அவரும் அறிவார். தலைமுடியைத் தானே வாரிக்கொள்கிறார். வலக்கையால் உண்கிறார். சென்ற முறை வந்தபோது, மதினி அழிச்சாட்டியம் செய்து இரண்டு பசுவைத் தூக்கிவிட்டதாக என்னிடம் முறையிட்டார். முழு முறையீட்டையும் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே நோயாளிகள் காத்திருந்தனர். ஆயினும் நான் இடைமறிக்கவில்லை. மதினியும் குறுக்கே பேசாமல் காத்திருந்தார்.

குற்றாலத்தில் சாரல் இறங்கினால் நம் பக்கத்து வீடுகளில் வெளிவேலை குறைந்து, எல்லோரும் வீட்டுக்குள் இருப்பார்கள். பரணிலிருந்து பல்லாங்குழியை எடுத்துத் துடைத்து வையுங்கள். எந்த ஆட்டத்தில் தொடங்குவது என்று ஐயம் இருந்தால், அடுத்த முறை வரும்போது நோயாளியிடமே கேட்போம்: "சின்ன வயதில் என்ன ஆடுவீர்கள்?"